புள்ளி எதற்கு: எடைக்கா, எடை பார்த்ததற்கா?

இதயச் செயலிழப்பு உள்ளவர் வீட்டில் தவறாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தினமும் காலையில் சிறுநீர் கழித்த கையோடு எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், உடம்பில் நீர் தேங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதே போன் செய்தால், நீர் மாத்திரையின் அளவை மாற்றியே டாக்டரால் பல நேரம் நிலைமையைச் சமாளித்துவிட முடியும். மூச்சு முட்டும்வரை காத்திருந்தால் அட்மிஷன்தான்.

இந்தப் பாடத்தை டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் செவிலியல் ஆய்வாளர் கவிதா ராதாகிருஷ்ணனும் குழுவினரும் முதியவர்களுக்கான டிஜிட்டல் விளையாட்டாக்கி, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விளையாடிய 19 பேரில் 89 சதவீதத்தினர் அது சுவையாகவும் எளிதாகவும் இருந்ததாகச் சொன்னார்கள். நோயைப் பற்றிய அறிவு தெளிவாகக் கூடியது. அன்றாடப் பழக்கத்தில் தெரிந்த முன்னேற்றமோ புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை துளியும் கூடவில்லை. ஒப்பிட வேறொரு குழுவும் இல்லாத சிறிய சோதனை இது. இதை வைத்து வெற்றி என்றோ தோல்வி என்றோ முடிவு கட்டக் கூடாது.

ஆனால் அதில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. படிப்புக் குறைந்தவர்கள் மற்ற எல்லா வழிகளையும்விட விளையாட்டையே விரும்பினார்கள். துண்டுப் பிரசுரம் கைவிட்டுவிடும் நோயாளிகள் இவர்கள்தான். இவர்களுக்காகவாவது இந்த முயற்சி தொடர வேண்டும்.

விளையாட்டின் பலம், நாட்களை நிமிடங்களாகச் சுருக்குவது. உப்பு மிகுந்த டின் சூப்பைக் குடித்த கதாபாத்திரத்துக்கு அடுத்த காட்சியிலேயே கால் வீங்கினால், காரணமும் விளைவும் மனதில் ஒட்டிக்கொள்ளும். சிக்கலும் அங்கேயே இருக்கிறது. வீட்டில் அதே சூப்பைக் குடித்த மறுநாள் கால் வீங்காமல் இருக்கலாம். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று நோயாளி இன்னொரு டின்னைத் திறப்பார்.

அதே குழு பின்னர் எடை மெஷினையும் நடையைக் கணக்கிடும் கருவியையும் விளையாட்டோடு இணைத்தது. நிஜத்தில் எடை பார்த்தால்தான் திரையில் முன்னேற்றம். சரியான திசை என்றே நினைக்கிறேன்.

இனி இப்படி விளையாட்டு அமைப்பவர்கள் எதற்குப் புள்ளி கொடுப்பது என்பதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். எடை ஏறினால் புள்ளி குறையும் என்று வைத்தால், விருந்து சாப்பிட்ட மறுநாள் நோயாளி மெஷின் பக்கமே போகமாட்டார். கட்டாயம் எடை பார்க்க வேண்டிய நாளும் அதுதான். எண் எதுவானாலும் பார்த்ததற்குப் புள்ளி வேண்டும். ஏறிய எடையைப் பார்த்துச் செவிலியரை அழைத்தவருக்கு எல்லாவற்றிலும் அதிகமான புள்ளி கிடைக்க வேண்டும். அந்த அழைப்பை எடுக்க மறுமுனையில் ஒரு செவிலியரை நியமிக்காத மருத்துவமனை, இந்த விளையாட்டை நோயாளி கையில் கொடுக்கவே கூடாது.