எண்ணெய் பிரிந்ததா, பாருங்கள்

தக்காளித் தொக்கை நாக்கில் வைப்பதற்கு முன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மேலே நல்லெண்ணெய் செக்கச்செவேலென்று தெளிந்து நிற்க வேண்டும். அந்தச் சிவப்பு முழுக்க மிளகாய்த்தூளால் வந்ததல்ல. தக்காளிக்கு நிறம் தரும் லைக்கோபீன் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். அது வற்றும்வரை எண்ணெய் கலங்கியே கிடக்கும். அவசரப்பட்டு இறக்கியதைத் தொக்கு என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. அது கெட்டிச் சட்னி, சீக்கிரமே நுரைத்துவிடும்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைகளில் குவியும் தக்காளி பெரும்பாலும் கோயம்பேடு மொத்தச் சந்தை வழியாக வரும் ஆந்திர, கர்நாடக, கிருஷ்ணகிரிச் சரக்கு. (2020 கொரோனாவில் கோயம்பேட்டை மூடியபோது காய்கறிச் சந்தையே பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சில மாதங்கள் யோகம்தான்.) கெட்டித் தோலுள்ள பெங்களூர் தக்காளி லாரிக்கு நல்லது, தொக்குக்குச் சுமார். புளிப்புக்கு நாட்டுத் தக்காளிதான். சாயங்காலம் கனிந்ததையெல்லாம் ஒதுக்கிக் கூறு போட்டிருப்பார்கள், அதை வாங்குங்கள். கனிந்தது வேறு, அழுகியது வேறு என்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்டும்போது காதையும் கொடுங்கள். ஒரு கிலோ பழம், எலுமிச்சையளவு புளி, ஏறக்குறைய 150 மில்லி எண்ணெய். முதலில் சளசளவென்று கொதிக்கும். பிறகு பொட்டு பொட்டென்று தெறித்து முழங்கையைச் சுடும். பாதிப்பேர் இங்கேதான் அடுப்பை அணைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் நின்றால் தெறிப்பு அடங்கி, விழுது கரண்டியோடு சுருண்டு வரும், சட்டியின் ஓரத்தில் எண்ணெய் கக்கும். வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் அப்போதுதான்.

செய்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அன்று காரம் முந்திக்கொள்ளும். மூன்றாம் நாள் எடுத்தால் முதலில் புளிப்பு, அடுத்து உப்பு, தொண்டையில் காரம், கடைசியில் வெந்தயத்தின் மெல்லிய கசப்பு என்று வரிசையாக வரும். துளி வெல்லம் தப்பில்லை. ஆனால் இனிப்பு முதலில் வந்தால் அது சாஸ் கட்சி. கடைப் பாட்டிலில் வினிகர் நெடி மூக்கில் ஏறினால் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் அசிட்டிக் அமிலமும் சோடியம் பென்சோயேட்டும் இருக்கும். ருசி பார்க்கத் தயிர்சாதத்தை மிஞ்சிய துணை கிடையாது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சப்பாத்தியில் தடவிச் சுருட்டினால் டிபன் பாக்ஸில் குழம்பு கொட்டுகிற கவலையும் இல்லை.

பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, சூடாகவே நிரப்புங்கள். மேலே நிற்கும் எண்ணெய் காற்றை அடைத்துப் பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சைச் சுரக்கும் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும். பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. தக்காளியோ அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது, சில பழங்கள் அதைத் தாண்டியும் விடுகின்றன. அமெரிக்காவில் வீட்டில் தக்காளியைப் பாட்டிலில் அடைப்பவர்கள் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது இதனால்தான். நமக்கு அந்த வேலையைப் புளி செய்கிறது.

ஆகவே புளியைக் குறைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள், ஈரக் கரண்டி போடுகிறவர் வீட்டில் இருந்தால் அவருக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.