மட்டக்கம்பும் ஆழக் கமராவும்

கொழுந்து மலையில் மட்டக்கம்பைப் பார்த்தவர்களுக்கு ஆழக் கமராவை விளக்குவது சுலபம். செடியின் மேல் கம்பைக் கிடத்துவார்கள். அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது கூடைக்கு, கீழே இருப்பது செடிக்கு. மேசைக்கு மேலே பொருத்திய ஆழக் கமராவும் இப்படி ஒரு மட்டத்தை வைத்துக்கொள்கிறது. முதலில் வெறும் மேசையை அளந்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பதிந்துகொள்ளும். பிறகு அந்த மட்டத்தை ஒட்டி, ஏறக்குறைய ஒரு விரல் தடிப்புக்குள் ஏதாவது வந்தால் தொட்டாயிற்று என்று எடுத்துக்கொள்ளும். மைக்ரோசொப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த அண்ட்ரூ வில்சன் 2010இல் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரில் 150 டொலர் விலையில் கினெக்ட் கடைக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, அவை விழும் இடம் எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் கருவி. வீடியோ விளையாட்டுக்கென்று விற்கப்பட்டதை ஆய்வுக்கூடங்கள் அள்ளிக்கொண்டு போயின.

எந்தக் கை தொடுகிறது என்று இந்தக் கமரா பார்ப்பதில்லை. அதன் பெரிய பலம் அது. ஃபோன் திரை தோலின் மின்கடத்தலை நம்பியிருக்கிறது. ஈரமும் கையுறையும் அதைக் குழப்பிவிடும். வருடக்கணக்காகக் கொழுந்து எடுத்துக் கறை ஏறி, வெடித்துத் தேய்ந்துபோன விரலைக் கைரேகைக் கருவியே அடையாளம் காணத் திணறும். ஆழக் கமராவுக்கோ விரல் என்பது வெறும் உருவம். மேசையோ சுவரோ மண்ணோ, எதையும் தொடுதிரையாக்கலாம், நாலு பேர் ஒன்றாகக் கை வைக்கலாம்.

மண் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த படைப்பு ஒரு மணற்பெட்டி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒலிவர் கிரைலோஸ் 2012 அளவில் உருவாக்கியது. மணலுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் மேலே கினெக்ட், பக்கத்தில் ஒரு புரொஜெக்டர். மணலைக் குவித்தால் குவியலின் மேலேயே சமவுயரக் கோடுகள் விழும். உச்சிக்கு ஒரு நிறம், பள்ளத்துக்கு வேறொன்று. விரல்களை விரித்துக் கையை மணலுக்கு மேலே பிடித்தால் கமரா அதை மேகமாக எடுத்துக்கொள்ளும். ஒளியால் ஆன மழை சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சரிவுக்குக் குறுக்கே விரலால் ஒரு கான் இழுத்தால் நீர் அதன் வழியே திரும்பும். சமவுயரக் கோட்டைப் புவியியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் ஹட்டன் பிள்ளைக்கு, அப்பா மலையில் ஏன் அந்தக் கோட்டில் கான் வெட்டுகிறார் என்று ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மென்பொருள் இலவசம். வரைபடம் படிக்கத் தெரியாத பெரியவர்களும் கை வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் கமரா பார்ப்பது எல்லாமே மேற்பரப்பு. விரலின் முதுகுதான் அதற்குத் தெரியும். மேசையில் படும் அடிப்பக்கம் தெரியாது. தொடுகை என்று அது சொல்வது ஊகம். கமராவை உயர்த்த உயர்த்த ஊகம் தளரும். விரல் பட்டதா, சும்மா மேலே நின்றதா என்ற வித்தியாசம் தொலைந்துபோகும். வெயில் நேரே விழும் இடத்தில் பழைய கினெக்ட் குருடு. ஒரு கை இன்னொன்றை மறைத்தாலும் கீழே நடப்பது போயிற்று.

சீன ஆய்வுக்கூடங்கள் ஆழக் கமரா பொருத்திய கொழுந்து பறிக்கும் இயந்திரங்களைச் சோதித்து வருகின்றன. அவற்றுக்கும் இதே தொல்லை. மொட்டு எங்கே என்று கமரா காட்டிவிடும். ஒடிக்க வேண்டிய கணு பெரும்பாலும் இலைக்குக் கீழே மறைந்திருக்கும். காற்று அடித்தால் கணக்கு மாறும். பறிக்கிற பெண் அந்தக் கணுவைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. இளசா முற்றலா என்று தண்டு ஒடிகிற விதத்தில் விரலே சொல்லிவிடும். ஹட்டன் சரிவுகளில் இந்த இயந்திரம் ஏறி வருவதற்கு அவசரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொழுந்து மடுவத்தில் நிறுவையிலிருந்து எத்தனை கிலோ கழிப்பது என்று ஏற்கெனவே தகராறு இருக்கிறது. அங்கே கூலியைத் தீர்மானிக்க ஊகிக்கும் கருவி ஒன்றைக் கொண்டுபோய் வைப்பதை எந்தத் தொழிற்சங்கமும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

நான் மெச்சிய மணற்பெட்டிக்கும் இதே குறை, அதுவும் ஆபத்தான இடத்தில். அதில் நீர் மேலேதான் ஓடும். மலையகத்தில் ஆளைக் கொல்லும் மண்சரிவோ, நீர் மண்ணுக்குள் இறங்கி ஊறி, பிடிப்பை அறுப்பதால் வருவது. பெட்டியில் தண்ணீர் வடிந்துவிட்டால் மலை பத்திரமாக இருப்பதுபோலத் தெரியும். பிள்ளை அந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் பாடமே இல்லாதது மேல். பக்கத்தில் ஒருவர் நின்று விளக்கவேண்டும்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்பு எச்சரிக்கை விடுவது மண் எவ்வளவு குடித்திருக்கும் என்ற கணக்கில்தான் என்று.

கருவி கிடைப்பதும் சிக்கல். கினெக்ட் உற்பத்தியை மைக்ரோசொப்ட் 2017இல் நிறுத்தியது. பின்னால் வந்த அஷூர் கினெக்டையும் 2023இல் கைவிட்டது. பழையதைத் தேடி வாங்கினாலும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் புரொஜெக்டரும் கமராவைவிட அதிகம் கேட்கும். ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒன்று என்பது கனவு. வலயக் கல்விக் காரியாலயத்துக்கு ஒன்று வாங்கி, லொறியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவது நடக்கக்கூடியது.

அப்படிக் கொண்டுபோனால் கற்பனை மலையைக் குவிக்க வேண்டாம். அந்தத் தோட்டத்தின் சரிவையே மணலில் அமைத்து, மண்சரிவு அபாய வலய வரைபடத்தைப் புரொஜெக்டரால் அதன் மேல் விழுத்தலாம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. வேறு இடம்தான் கொடுக்கப்படவில்லை. அதனால் அந்த மேசைக்கு ஆசிரியரும் பிள்ளைகளும் மட்டும் வந்தால் போதாது. தங்கள் லயம் சிவப்பில் விழுவதைக் கண்டு, எங்கே போவது என்று ஒரு பிள்ளை கேட்கும். பதில் சொல்லத் தோட்டத் துரையும் பிரதேச செயலகத்து ஆளும் அங்கே இருக்கவேண்டும்.