லூபஸ்: எட்டாம் ஆண்டில் எழுந்த கேள்வி

2024 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையும் சேர்ந்து செய்த ஆய்வு. லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரான் என்னும் புரதம் மிகுந்திருப்பதால் ஒருவகை டி செல்கள் வழிமாறுகின்றன. அவை பி செல்களை ஈர்த்து, சொந்த உடலையே தாக்கும் ஆன்டிபாடிகளைச் சுரக்க வைக்கின்றன என்பது அதன் சாரம். கவனமாகச் செய்யப்பட்ட வேலை. ஆனால் செய்தியாகப் பரவியபோது, லூபஸின் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாகிவிட்டது. 2025 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இன்னொரு கட்டுரை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் குடியேறிய பி செல்களே நோயைத் தொடங்கிவைக்கின்றன என்றது அது. மறுபடியும் அதே செய்தி, அதே உற்சாகம். ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு காரணங்கள்.

இந்த உற்சாகத்துக்குள் ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. காரணத்தைத் தேடுவது உயர்ந்த அறிவியல். சிறுநீரகம் கெடுவதையும் மாரடைப்பு வருவதையும் கரு கலைவதையும் கணக்கெடுப்பது மருத்துவமனைப் பதிவேட்டு வேலை. முன்னது முடிந்தால் பின்னது தானே மறையும் என்ற நம்பிக்கை. லூபஸ் ஆய்வின் வரலாறு இதற்கு நேர் எதிரானது என்பது என் துணிபு. காரணத்தைப் பற்றி இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறவற்றில் பெரும்பங்கு, நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்தவர்கள் வழியாக வந்தது.

தொடக்கக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வியன்னாவின் ஹெப்ராவும் பாரிஸின் கஸெனாவும் இதைத் தோல் நோயாகவே பார்த்தார்கள். கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் படரும் சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதான். 1872இல் கபோசி, இது உடலுக்குள்ளும் பரவி உயிரை எடுக்கும் என்றார். ஆஸ்லர் 1895 முதல் எழுதிய மூன்று கட்டுரைகளில் சிறுநீரகம், இதயம், மூட்டு என உள்ளுறுப்புகளை வரிசையாக எடுத்துப் பேசினார். அவர் பார்த்த நோயாளிகளில் சிலருக்கு இருந்தது லூபஸே அல்ல என்று பின்னால் வந்தவர்கள் கருதினாலும், பார்வையைத் தோலிலிருந்து உள்ளே திருப்பியவர் அவர். 1924இல் லிப்மனும் சாக்ஸும் இதய வால்வுகளில் படியும் முடிச்சுகளை விவரித்தார்கள். இவை எல்லாமே சிக்கல்களின் வரலாறு.

1948 திருப்புமுனை. மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ், எலும்பு மஜ்ஜையில் இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கி நிற்கும் வெள்ளையணுவைக் கண்டார், எல்.இ. செல் என்று பெயரிட்டார். அதே ஆண்டு அதே மேயோவில் ஹென்ச், முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தார். நோயை உறுதிசெய்யும் வழியும் அடக்கும் மருந்தும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆண்டில். அப்படியும் 1955இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வெளியிட்ட கணக்கின்படி, நோய் கண்டறியப்பட்ட 4 ஆண்டுகளில் பிழைத்திருந்தவர்கள் 51 சதவீதமே. எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர் அந்தத் தலைமுறை நோயாளி. அவருக்கு 15 வயதில் தந்தையைக் கொண்டுபோன அதே நோய். ஏ.சி.டி.ஹெச். ஹார்மோன் ஊசியால் பிழைத்தார்; இடுப்பெலும்பு நைந்து ஊன்றுகோலில் நடந்தார்; 39 வயதில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மருந்தும் நோயும் சேர்ந்து ஒரே உடலில் என்ன செய்யும் என்பதை அறிய, அன்று எந்தப் பெரிய கோட்பாடும் உதவவில்லை.

பிறகு வந்தது ஆய்வகத்தின் பொற்காலம். ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஹென்ரி குங்கெலும் அவர் மாணவர்களும் 1957 தொடங்கி, இந்நோயில் உருவாகும் ஆன்டிபாடிகள் செல்லின் உட்கருவையும் டி.என்.ஏ.வையும் குறிவைக்கின்றன எனக் காட்டினார்கள். 1967இல் இறந்தவர்களின் சிறுநீரகங்களிலிருந்தே அந்த ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று எந்த ஊர் ஆய்வகத்திலும் செய்துகொடுக்கும் ஏ.என்.ஏ. பரிசோதனைக்கு வேர் அந்தக் காலத்தில்தான். நியூசிலாந்தின் டனீடனில் மரியான் பீல்ஷாவ்ஸ்கி வளர்த்த கறுப்பு எலிகள் தம் ரத்த அணுக்களைத் தாமே அழித்துக்கொண்டன. வெள்ளை எலிகளோடு கலந்து பிறந்த குட்டிகளுக்கு மனிதரைப் போலவே சிறுநீரக நோய் வந்தது. பெண் எலிகள் முந்தி இறந்தன. இந்தப் பெண்மணியின் பெயரைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. ஆனால் அவர் எலிகளின் மேல் எழுந்த நம்பிக்கை அளவுமீறியது. எலியைக் காப்பாற்றிய எத்தனையோ உத்திகள் மனிதரிடம் தோற்றன. டி செல்லும் பி செல்லும் பேசிக்கொள்ளும் பாதையை அடைக்க வந்த முதல் ஆன்டிபாடி மருந்து, ரத்தக்கட்டிகளை உண்டாக்கியதால் நிறுத்தப்பட்டது. பி செல்களை அழிக்கும் ரிடுக்சிமாப், பெரிய சோதனைகள் இரண்டிலும் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

நான் நின்று பேச விரும்புவது 1976இல், டொரோண்டோவில்.

மர்ரி உரோவிட்ஸ் அங்கே 1970 முதல் லூபஸுக்கென்றே ஒரு கிளினிக் நடத்திவந்தார். ஒவ்வொரு நோயாளியும் குறித்த இடைவெளியில் வரவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே படிவம், ஒரே பரிசோதனைகள். வேறு சிறப்பு ஒன்றும் இல்லை. 81 பேரை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 11 பேர் இறந்தார்கள். அந்த 11 மரணங்களையும் அவர் குழு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. 6 பேர் நோய் கண்டறியப்பட்ட முதல் ஆண்டிலேயே இறந்திருந்தார்கள். நோய் கொதித்துக்கொண்டிருந்தது, ஸ்டீராய்டு பெருமளவில் ஓடிக்கொண்டிருந்தது, பலருக்குக் கிருமித்தொற்று. இது எல்லாரும் அறிந்ததே. மற்ற 5 பேர் சராசரியாக 8.6 ஆண்டுகள் கழித்து இறந்தார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர யாருக்கும் லூபஸ் முனைப்பாக இல்லை. சிறுநீரக அழற்சியும் அடங்கியிருந்தது. ஸ்டீராய்டு குறைந்த அளவில், சராசரியாக 7.2 ஆண்டுகள். ஐந்து பேருக்குமே இறக்கும் தறுவாயில் மாரடைப்பு வந்திருந்தது.

லூபஸிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று மருத்துவர்கள் நிம்மதியடைந்த நோயாளிகள் இதயத்தால் இறந்துகொண்டிருந்தார்கள். வெறும் 11 மரணங்களிலிருந்து இதைக் கண்டுகொள்ள, முதல் நாள் தொடங்கி எதையும் விடாமல் எழுதிவைத்த ஏடு தேவைப்பட்டது. எந்த நுண்ணோக்கியும் இதைக் காட்டியிருக்காது. லூபஸ் ஆய்வில் இதைவிட முக்கியமான கட்டுரை எழுதப்படவில்லை என்று நான் எண்ணுகிறேன். அதைவிடக் கவர்ச்சி குறைந்த கட்டுரையும் அநேகமாக இல்லை.

அது உலகம் முழுவதும் உறைக்க இன்னொரு இருபது ஆண்டு ஆனது. 1997இல் பிட்ஸ்பர்க்கின் சூசன் மான்ஸி, 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, ஃபிரேமிங்காம் இதய ஆய்வின் அதே வயதுப் பெண்களைவிட 50 மடங்குக்கு மேல் என்று காட்டினார். கொழுப்பு, ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை என வழக்கமான காரணிகள் எல்லாவற்றையும் கழித்த பின்னும் மிச்சம் இருந்தது. கனடாவின் எஸ்டெயில் 2001இல் அதை நிறுவினார். சரி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் கொடுத்துப் பார்ப்போம் என்று ஹாப்கின்ஸில் மிஷெல் பெட்ரி 200 பேரிடம் சோதித்தார். இரண்டு ஆண்டில் பலன் இல்லை. அப்படியானால் ரத்தக்குழாயை அரிப்பது எது? மேரியானா கப்ளானின் குழு 2007இல் ஒரு விடை தந்தது: இன்டர்ஃபெரான். கிழிந்த ரத்தக்குழாய்ச் சுவரைப் பழுதுபார்க்க வரும் செல்களையே அது முடக்குகிறது. 2024இல் செய்தியில் நாயகனாக நின்ற அதே இன்டர்ஃபெரானை, மாரடைப்பு என்ற சிக்கலைத் துரத்திச் சென்றவர்கள் பதினேழு ஆண்டுகள் முன்னமே எதிர்கொண்டிருந்தார்கள்.

இன்டர்ஃபெரானின் கதையே அப்படித்தான். லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பது 1979இலேயே தெரியும். அதைக் குற்றவாளியாக நினைக்க வைத்தது ஸ்வீடனில் 1990இல் பதிவான ஒரே ஒரு நோயாளி. கார்சினாய்டு கட்டிக்காக இன்டர்ஃபெரான் ஊசி போடப்பட்டவருக்கு லூபஸ் வந்தது. லார்ஸ் ரோன்ப்ளோம் அதைப் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிடவில்லை. இன்டர்ஃபெரானின் பாதையை அடைக்கும் அனிஃப்ரோலுமாப் மருந்து 2021இல் ஒப்புதல் பெற்றதற்கு அந்த ஒரு குறிப்பும் ஒரு மூலம்.

அதே போல லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரகாம் ஹியூஸ். அவருடைய லூபஸ் நோயாளிகளில் சிலருக்கு இளவயதில் பக்கவாதம். சிலருக்குக் கரு திரும்பத் திரும்பக் கலைந்தது. இவை தனித்தனி துரதிர்ஷ்டங்கள் அல்ல, ரத்தம் உறையும் ஒரே போக்கின் இரு முகங்கள் என்று 1983இல் சொன்னார். நைஜல் ஹாரிஸ் அதற்கான ரத்தப் பரிசோதனையை உருவாக்கினார். ஆஸ்பிரினும் ஹெபாரினும் போட்டுக் குழந்தை பெற்றெடுத்த பெண்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். ‘அடிப்படைக் காரணம்’ கிடைக்கும் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தைகள் இல்லை.

மரபணு ஆய்வை நான் குறைத்துப் பேசவில்லை. 2022இல் கரோலா வினுவேசாவின் குழு, ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியிடம் டி.எல்.ஆர்.7 மரபணுவில் ஒரே எழுத்து மாறியதால் லூபஸ் வந்ததை ஐயமறக் காட்டியது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கருவுறும் வயதில் ஆண் ஒருவருக்குப் பெண்கள் ஒன்பது பேர் என இந்நோய் ஏன் தாக்குகிறது, கூடுதல் எக்ஸ் கொண்ட ஆண்களுக்கு ஏன் அதிகம் வருகிறது என்பவற்றுக்கு இங்கே திறவுகோல் கிடைக்கிறது. ஆனால் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் வருவது நான்கில் ஒரு பங்கு அளவே. எப்ஸ்டீன்-பார் வைரஸோ வயதுவந்தோர் ஏறக்குறைய எல்லாரிடமும் குடியிருக்கிறது. மரபணுவும் வைரஸும் வெயிலும் ஹார்மோனும் எந்த வரிசையில், எத்தனை ஆண்டு இடைவெளியில் சேர்கின்றன என்பதே கேள்வி. அதற்குக் காலத்தைப் பதிவுசெய்த தரவு வேண்டும்.

அப்படி ஒரு தரவு தற்செயலாகக் கிடைத்தது. அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் ரத்தத்தைச் சேமித்து வைத்திருந்தது. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரின் பழைய மாதிரிகளைத் தேடியெடுத்து மெலிசா அர்பக்கிளும் ஜூடித் ஜேம்ஸும் ஜான் ஹார்லியும் 2003இல் பரிசோதித்தார்கள். நோய் தெரியும் முன்பே 88 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. சிலரிடம் 9 ஆண்டுகளுக்கு முன்பே. அதுவும் ஒழுங்கான வரிசையில்: சில ஆன்டிபாடிகள் பல ஆண்டு முந்தி, வேறு சில நோய் வெளிப்படச் சில மாதம் இருக்கையில். காரணத்தைத் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய புதையல் வேறென்ன? அதைத் தந்தது ஒரு சேமிப்புக் கிடங்கு.

இப்போது ஜெர்மனியின் எர்லாங்கனில், மாற்றியமைத்த டி செல்களைக் கொண்டு பி செல்களை அழிக்கும் கார்-டி சிகிச்சை. கியோர்க் ஷெட்டின் குழு 2021இல் இருபது வயதுப் பெண் ஒருவரிடம் தொடங்கியது. 2024இல் வெளியிட்ட தொகுப்பில் லூபஸ் நோயாளிகள் 8 பேர். எல்லாருக்கும் மருந்தே இல்லாமல் நோய் அடங்கியிருந்தது. இந்தத் துறையில் இப்படி ஒன்று நடந்ததில்லை. மனம் நிறைந்து வரவேற்கிறேன். ஆனால் குணமாயிற்று என்ற சொல்லை இப்போதே எடுப்பவர்கள் டொரோண்டோவை மறந்துவிட்டார்கள். அங்கே அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு நோய் அடங்கித்தான் இருந்தது.

நோயாளிகளின் வாழ்வை மாற்றிய முடிவுகளைப் பாருங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்தினால் நோய் கிளர்வது இரண்டரை மடங்காகிறது என்று 1991இல் கனடாவில் 47 பேரிடம் செய்த எளிய சோதனை காட்டியது. 2020இல் கோவிட்டுக்கென்று உலகமே அந்த மாத்திரையை அள்ளியபோது, லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தது ஏன் அவ்வளவு கொடுமை என்பது அந்தச் சோதனையை அறிந்தவர்களுக்குப் புரியும். நோய் அடங்கியிருக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை ஆகாது என்ற பல்லாண்டு விலக்கை 2005இல் ஒரு சோதனை உடைத்தது. ஸ்டீராய்டை ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாத அளவுக்குக் கொண்டுவா என்று 2023இல் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்வதற்குப் பின்னால், பதிவேடுகளில் ஆண்டாண்டாகச் சேர்ந்த எலும்பு முறிவுகளும் கண்புரைகளும் மாரடைப்புகளும் இருக்கின்றன.

நம் நாட்டில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1993இல் ஏ.என். மாளவியாவின் குழு டெல்லிக்கு அருகே கணக்கெடுத்து, லட்சம் பேருக்குச் சுமார் 3 பேர் என்றது. மேலைநாட்டுக் கணக்குகளைவிட மிகக் குறைவு. நம்மிடம் லூபஸ் அரிது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கத் தயங்குகிறேன். ஒரு கணக்கெடுப்பு உயிரோடு இருப்பவர்களைத்தான் எண்ணும். பெயர் தெரியாத காய்ச்சலில் முதல் ஆண்டிலேயே இறந்த பெண் அதில் வரமாட்டாள். சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988இலேயே தம் லூபஸ் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். லக்னோவின் அமிதா அகர்வால் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, புதிதாக நோய் கண்ட இந்திய நோயாளிகளின் பதிவேட்டைத் தொடங்கியிருக்கின்றன. இந்தத் துறையில் பத்தாண்டுகளில் இங்கே நடந்த சிறந்த காரியம் அதுவே.

ஏனென்றால் டொரோண்டோவில் எழாத கேள்விகள் இங்கே உண்டு. லூபஸ் உள்ள பெண்ணுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். நோய் கிளர்ந்திருக்கிறதா, காசநோயா? முன்னது என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும். பின்னது என்றால் அப்படிக் கூட்டுவதே உயிரை எடுக்கும். எந்த ஆண்டில், எவ்வளவு ஸ்டீராய்டில், எந்த உடல் எடையில் காசநோய் வருகிறது என்று சொல்ல நம் நோயாளிகளின் ஏடுதான் வேண்டும். ஆய்வு நிதி இங்கே பெரும்பாலும் மூன்று, ஐந்து ஆண்டுத் திட்டங்களாகவே கிடைக்கிறது. முதல் ஆண்டு மரணங்களை எண்ணி முடிக்க அது போதும். அதற்குப் பிறகு வரும் மாரடைப்பையும் டயாலிசிஸையும் காண அந்தப் பதிவேட்டுக்கு இரண்டாம் பத்தாண்டுக்கும் நிதி உறுதி வேண்டும். அரசு மருத்துவமனை வாதநோய்ப் பிரிவுகள் ஒவ்வொன்றும் ஒரே படிவத்தில் அதனோடு இணைய வேண்டும். தவணைக்கு வராதவரை ஊர் தேடிப்போய்க் கேட்டுவர ஒரு சம்பளப் பணியாளர் வேண்டும்.