பையில் என்ன எடுத்துப்போவாய்?

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற பெப்ரவரியில் ஒரு பயிற்சித் தாளோடு வீட்டுக்கு வந்தாள். வீட்டை விட்டு ஓட உனக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. பையில் எந்தப் பத்துப் பொருள்களை எடுத்துப்போவாய்? அலன் கிராட்ஸின் 'றெஃபியூஜி' நாவலை வகுப்பில் வாசித்து முடித்ததற்கான பயிற்சி அது. முதலாவதாக அவள் எழுதியிருந்தது கைபேசி சார்ஜர். நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

நான் சிரித்தது பிழை என்று நாவலை வாசித்தபோது தெரிந்தது. 2015இல் அலெப்போவிலிருந்து புறப்படும் மஹ்மூத்தின் குடும்பத்துக்குக் கைபேசி இல்லாவிட்டால் வழியில்லை. அவனோடு இன்னும் இரண்டு பிள்ளைகளின் கதையும் பின்னிப் போகிறது: 1939இல் செயின்ற் லூயிஸ் கப்பலில் ஏறும் யூதச் சிறுவன் யோசெஃப், 1994இல் கியூபாவிலிருந்து படகில் கிளம்பும் இசபெல். கிராட்ஸ் கெட்டிக்காரர். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஆபத்தின் நுனியில் நிறுத்தி அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார். புத்தகம் என்றாலே முகம் சுளிக்கும் என் மகள் இதை இரண்டு இரவில் முடித்தாள். மஹ்மூத்தின் தங்கையான கைக்குழந்தையை முன்பின் தெரியாதவர்களின் படகில் கொடுத்துவிடும் இடத்தில் நானும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

ஆனால் அந்த வேகம்தான் எனக்குச் சிக்கல். எல்லாத் துயரமும் இங்கே சம்பவமாகிவிடுகிறது. கடல், சுடுபாடு, எல்லை, பிறகு கரை. கரை வந்ததும் கதையும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வகுப்பறை அதை இன்னும் சுருக்கி ஒரு பைக்குள் போட்டுவிட்டது. செயின்ற் லூயிஸில் வந்த 900க்கும் மேற்பட்டோருக்குக் கதவைச் சாத்திய நாடுகளில் கனடாவும் ஒன்று. 2018 நவம்பரில் பிரதமர் அதற்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதைப் பற்றிய கேள்வி எதுவும் அந்தத் தாளில் இல்லை. ஓடுகிறவரின் பையைக் கேட்கத் தெரிந்த எங்களுக்கு, கதவுக்கு உள்ளே நிற்கிறவரைக் கேட்கத் தெரியவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தான்ஹா லாயின் 'இன்சைட் அவுட் அண்ட் பாக் அகெய்ன்'. 2011இல் வந்தது, சிறு சிறு கவிதைகளால் ஆன நாவல். லாய் தன் பத்தாவது வயதில், 1975இல், சைகோனை விட்டு அலபாமாவுக்கு வந்தவர். நாவலின் ஹாவும் அப்படியே. இதில் கப்பல் பயணம் ஒரு பகுதிதான். பெரும்பகுதி வந்து சேர்ந்த பிறகு நடப்பது: விளங்காத ஆங்கில இலக்கணம், மதியச் சாப்பாட்டை எங்கே ஒளிந்திருந்து தின்பது என்ற கவலை, ஊரில் தன் நாட்டில் கெட்டிக்காரியாக இருந்தவள் இங்கே மக்காகிப்போன அவமானம். ஓரிடத்தில் ஆசிரியை வகுப்புக்கு வியட்நாம் போரின் படங்களைக் காட்டுகிறார். எரிகாயத்தோடு ஓடும் சிறுமி, ஹெலிகொப்டரில் தொற்றி ஏறும் கூட்டம். நல்லெண்ணத்தோடுதான். ஹாவோ பப்பாசியையும் புத்தாண்டையும் காட்டியிருக்கக் கூடாதா என்று நினைக்கிறாள். அகதி இலக்கியம் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் முதலில் வாசிக்க வேண்டிய பக்கம் அது. புத்தகமே திரும்பி நின்று வகுப்பறையைப் பார்க்கிறது.

விக்ரோறியா ஜேமிசனும் ஓமர் மொஹமட்டும் சேர்ந்து செய்த 'வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்கற்றர்ட்' (2020) சித்திர நாவல். ஓமர், கென்யாவின் டடாப் முகாமில் தம்பியோடு வளர்ந்தவர். அதில் ஓட்டம் குறைவு. தண்ணீர் வரிசை, பள்ளிக்கூடம், ஐ.நா. நேர்காணலுக்கான காத்திருப்பு, பிறகும் காத்திருப்பு. 2010இல் சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த 492 தமிழரில் பலர் கரையைக் கண்ட பின்னும் மாதக்கணக்காகத் தடுப்பில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு எந்த நாவல் தங்கள் வீட்டுக் கதையாகத் தெரியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கிராட்ஸினது அல்ல.

தமிழ்ப் பிள்ளை என்பதால், குடும்பக் கதையைச் சொல்லும்படி வகுப்பில் என் மகளைக் கேட்டிருக்கிறார்கள். "அப்பா பிளேனில் வந்தவர், மாஸ்டர்ஸ் படிக்க" என்றிருக்கிறாள். உண்மைதான், மாணவர் வீசாவும் மடிக்கணினியுமாக வந்தவன் நான். அன்றிரவு தாயிடம் போனாள்.

"அம்மா, நீங்க பையில என்ன கொண்டு வந்தனீங்கள்?"

"பை கட்டினது அம்மம்மா. எனக்கென்ன தெரியும்?"

கொஞ்சம் கழித்துத் தானாகவே சொன்னாள். ஒன்பது வயதில், மொஸ்கோவில் ஓர் அடுக்குமாடி அறையில், ஏஜென்சிக்காரன் வருவான் வருவான் என்று எட்டு மாதம். திரைச்சீலையைத் திறக்கக் கூடாது. அங்கே இருந்த அண்ணாமார் 304 விளையாடப் பழக்கினார்கள். ரஷ்யத் தொலைக்காட்சியில் நூறுவரை எண்ணப் பழகினாள். பதினைந்து வருடம் கூட வாழ்ந்த எனக்கே அந்தச் சீட்டாட்டம் புதுச்செய்தி.

நம்மிடம் அகதி வாழ்வை எழுதியவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஷோபாசக்தியின் 'கொரில்லா'வைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நான் கொடுக்க மாட்டேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் புத்தகத்தில் ஔவையார் இருக்கிறார், பொங்கல் இருக்கிறது. மொஸ்கோ அறை இல்லை. ஏழாம் வகுப்புக்காரிக்கு அதை எழுதுவதற்குச் சாகசம் தேவையில்லை. எட்டு மாதம் எதுவுமே நடக்காததை, அவள் பக்கத்தைப் புரட்டும்படி எழுதத் தெரிய வேண்டும். லாயும் ஓமரும் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மகள் தாளை மாற்றாமல் அப்படியே கொடுத்தாள். இப்போது 304 பழக்கச் சொல்லித் தாயை நச்சரிக்கிறாள்.