பறித்தது யார்?

‘ஆல் அபௌட் ஈவ்’ (1950) ஒரு விருது விழாவில் தொடங்குகிறது. விருது வாங்கப்போவது ஈவ் என்ற இளம் நடிகை. அவள் கதையை நமக்குச் சொல்லத் தொடங்குவதோ அடிசன் டிவிட் என்னும் ஆண் விமர்சகரின் குரல்.

படம் ஆஸ்கரில் 14 பரிந்துரைகள் பெற்றது. நடிப்புக்காக மட்டும் நான்கு பெண்கள்: பெட்டி டேவிஸ், ஆன் பாக்ஸ்டர், செலஸ்ட் ஹோம், தெல்மா ரிட்டர். நால்வருக்கும் விருது இல்லை. வென்ற 6 விருதுகளில் நடிப்புக்கானது ஒன்றுதான். அதுவும் அடிசனாக நடித்த ஜார்ஜ் சாண்டர்ஸுக்கு.

டேவிஸும் பாக்ஸ்டரும் சிறந்த நடிகைப் பிரிவில் மோதியதால் வாக்குகள் பிரிந்தன, பாக்ஸ்டர் துணை நடிகைப் பிரிவுக்கு ஒதுங்கியிருக்க வேண்டும் என்பார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். பிறகுதான் உறைத்தது. அகாடமி வாக்கு எண்ணிக்கையை வெளியிடுவதே இல்லை. ஹோமும் ரிட்டரும்கூட ஒரே பிரிவில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒதுங்கியிருக்கலாம் என்று நான் கேட்டதில்லை. மூத்தவளின் இடத்தை இளையவள் பறித்தாள் என்ற திரைக்கதையை நாம் வெளியிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பெண்கள் தோற்றால் ஒருத்தியைக் குற்றவாளியாக்குவது அவ்வளவு எளிது.

இந்தப் படத்துக்கு மூலமான சிறுகதையை எழுதியவர் மேரி ஓர். அவர் பெயர் திரையில் இல்லை. திரைக்கதைக்கான விருதை இயக்குநர் ஜோசப் மான்கிவிச் வாங்கினார். பறித்தது யார் என்ற கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம், தோழிகளே.