கல்ஸாவும் சோனகத் தெருவும்

மதியக் கோப்பைகளைக் கழுவி முடித்தபின் நாம் கல்ஸா வழியே பலெர்மோக் கடற்கரைக்கு நடப்பதுண்டு. எதிரே வரும் உல்லாசப் பிரயாணிகளின் கைகளில் பிரசுரங்கள். அரபியர், நோர்மானியர், கிரேக்கர், யூதர் எல்லோரும் கூடி வாழ்ந்த இடம் என்பதே அவற்றின் பல்லவி. அந்தப் பல்லவியைச் சற்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கல்ஸா என்பது அல்-காலிஸா என்ற அரபுப் பெயரின் திரிபு. கிளர்ச்சி செய்த குடிகளுக்கு அஞ்சி, 937இல் பாத்திமிய ஆளுநர் பழைய நகருக்கு வெளியே தனி மதிலெழுப்பிக் கட்டிய இடம். 973இல் வந்த பயணி இப்னு ஹவ்கல் இங்கே அமீரின் இருப்பிடம், ஆயுதசாலை, சிறை எல்லாவற்றையும் கண்டார். சந்தையோ சத்திரமோ இல்லை என்றும் எழுதினார். கூடி வாழவென்று கட்டிய இடமே அல்ல இது. (இன்று திரும்பிய பக்கமெல்லாம் சாப்பாட்டுக் கடை. எமக்குச் சோறு போடுவதும் அதுதான்.)

1072இல் நகரைப் பிடித்த நோர்மானியர் அரபுக் கைவினைஞரைக் கொண்டே அரண்மனை கட்டினார்கள். பிரசுரம் அந்த அழகோடு நின்றுவிடுகிறது. 1220களில் இரண்டாம் பிரெடெரிக் மன்னன் சிசிலி முஸ்லிம்களைக் கடல்தாண்டி லுச்சேராவுக்கு நாடுகடத்தியதும், 1300இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டதும் அதில் இல்லை. யூதர்களை வெளியேற்றும் ஆணை 1492இல் வந்தது. அவர்கள் வாழ்ந்த தெருக்களில் இப்போது இத்தாலியம், ஹீப்ரு, அரபு என மும்மொழிப் பெயர்ப்பலகைகள். விரட்டி ஐந்நூறு வருடங்களுக்குப் பிறகு ஒரு பலகை!

பக்கத்திலேயே ஸ்தேரி மாளிகை. 1782 வரை மதவிசாரணை மன்றத்தின் சிறை இங்கே இருந்தது. கைதிகள் சுவரில் கீறியவற்றை 1906இல் ஜுசெப்பே பித்ரே வெளிக்கொணர்ந்தார். புனிதர்கள், செய்யுள்கள், ஒரு சிசிலி வரைபடம். அறையைவிட்டு வெளியேற முடியாதவன் தன் தீவு முழுவதையும் கீறியிருக்கிறான். அதன்முன் நாம் நெடுநேரம் நின்றோம். இந்நகரைப் பற்றிய நேர்மையான பிரசுரம் அந்தச் சுவர்தான்.

பிரசுரக்காரரைத் திட்டுவது எமக்குச் சுலபம். 1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேறுவதற்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எம்மில் பலர் அப்போது கைக்குழந்தைகள். இங்கே நாம் வெளியிடும் ஊர் மலர்களில் கோவில், பள்ளிக்கூடம், பனங்கூடல் எல்லாம் வருகின்றன. சோனகத் தெரு என்ற பெயர்கூட வந்துவிடும். அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும் வருவதில்லை. பூட்டிக் கிடந்த வீடுகளின் கதவு நிலைகளையும் ஓடுகளையும் யார் கழற்றிப் போனார்கள் என்று தொலைபேசியில் அம்மாமாரைக் கேட்டால், இத்தாலியில் இப்போது குளிரா என்று கேட்கிறார்கள்.