அரைச்சுற்றில் தெரியும் அடைப்பு

அபிராமபுரத்துப் பழைய வீடுகளின் தேக்குக் கதவுக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு அடிப்பதை வேடிக்கை பார்ப்பதானால், வேலை முடியும்வரை இருங்கள். கதவை யாரும் ரசிப்பார்கள்; ஆளின் தரம் ஸ்ப்ரே கன்னைக் கழுவும்போதுதான் தெரியும்.

சரியாகக் கழுவாத கன்னில், நீள்வட்டமாக விழ வேண்டிய வீச்சு திடீரென்று பிறையாக வளைகிறது. கற்றுக்குட்டி பிரஷரைக் கூட்டுவான். தெரிந்தவர் முன்னாலிருக்கும் ஏர் கேப்பை அரைச்சுற்று திருப்பி, பழைய அட்டையில் ஒரு தடவை அடிப்பார். பிறையும் கூடவே திரும்பினால் அடைப்பு கேப்பில்; அப்படியே நின்றால் நாசிலில். இத்தனை சிக்கனமான சோதனை வேறு எந்தத் தொழிலில் இருக்கிறதோ! விட்டுவிட்டுத் துப்பினால் நாசில் தளர்ந்திருக்கும், இல்லை ஊசியைச் சுற்றிய பேக்கிங் காய்ந்திருக்கும்.

துளையைக் கம்பியால் குத்துவது பாவம். 1.3, 1.4 மி.மீ. வாய்; கீறல் விழுந்தால் வீச்சு கோணிவிடும். பல்குத்தும் குச்சி போதும். முழுக் கன்னையும் தின்னரில் ஊறப்போட்டால் பேக்கிங் போச்சு. ஹார்ட்னர் கலந்த பி.யூ. கப்பிலேயே இறுகிவிடும், ஆகவே முதலில் கழுவல், டீ அப்புறம்தான்.

ஸ்ப்ரே கன்னின் மூதாதை தொண்டைக்கு மருந்து பீய்ச்சும் கருவி என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க மருத்துவர் ஆலன் டெவில்பிஸ் செய்ததை, மகன் தாமஸ் 1907இல் பெயின்ட்டுக்குத் திருப்பினார்.

கழுவிய தின்னரைத் தயவுசெய்து மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். மூடிய டின்னில் தெளியவிட்டால், மேலே நிற்பது அடுத்த முறை முதல் அலசலுக்கு ஆகும்.